‘பிரேக்பாஸ்ட்’: காலை உணவா, நோன்பு திறப்பா?

திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூர்ப் பிரதேசத்தில் அமைந்துள்ள தோப்பூரைச் சேர்ந்த வாசகர் ஒருவர் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பியிருந்தார். ரமழான் மாதத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிய மாணவர் ஒருவர், மாலையில் குடும்பத்தினருடன் அமர்ந்து நோன்பு திறப்பதைக் குறிக்க ‘பிரேக்பாஸ்ட்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். அது காலை உணவைக் குறிக்கும் சொல் எனக் கூறி, ஆசிரியர் அதைப் பிழையென அடையாளமிட்டிருக்கிறார். ‘பிரேக்’ என்றால் முறித்தல், ‘பாஸ்ட்’ என்றால் நோன்பு என்று அகராதியே கூறும்போது, நோன்பை முடித்து உண்ணும் உணவை அச்சொல்லால் அழைப்பதில் என்ன பிழை என்பது மாணவரின் வாதம். இருவரில் யார் சரி என்பதே வாசகரின் கேள்வி.

கேள்வி சிறியதுதான். ஆயினும் அதற்கு விடை தேடப் புகுந்தால் ஆங்கிலம், அரபு, பாரசீகம், வடமொழி, தமிழ் ஆகிய பல மொழிகளைத் தொட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. அந்த வழியில் எமது நாட்டின் எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவான ஓர் உண்மையும் வெளிப்படுகிறது. எனவே இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வது பயனுடையதாகும்.

வழக்கு எது?

முதலில் விடையைக் கூறிவிடுவோம். சொல்லின் பிறப்பை நோக்கினால் மாணவர் சரி. சொல்லின் வழக்கை நோக்கினால் ஆசிரியர் சரி. பரீட்சைத் தாளில் வெல்வது வழக்கே ஆகும்.

ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதப்படும் ‘பிரேக்பாஸ்ட்’ என்பது நாளின் முதல் உணவை, அதாவது காலை ஆகாரத்தை மட்டுமே குறிக்கும். அதனை உண்பவர் முதல்நாள் நோன்பிருந்தாரா, நள்ளிரவில் விருந்துண்டாரா என்பது பற்றி அச்சொல்லுக்குக் கவலை இல்லை. மாறாக, ‘பிரேக்’, ‘பாஸ்ட்’ என்னும் சொற்களைத் தனித்தனியாகப் பிரித்து எழுதினால் அது நோன்பை முடித்தல் என்னும் செயலைக் குறிக்கும். அது மாலையிலும் நிகழலாம், காலையிலும் நிகழலாம். ஆகவே மாணவர் தமது கட்டுரையில் ‘நாங்கள் சூரியன் மறைந்ததும் நோன்பை முடித்தோம்’ என்னும் கருத்தில் இரு சொற்களாகப் பிரித்து எழுதியிருந்தால் ஆசிரியர் கோடிட்டிருக்க மாட்டார்.

இதனை அறிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. இறந்த காலத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். நோன்பை முடித்தார் என்று கூற வேண்டுமாயின் ‘பிரேக்’ என்பது ‘புரோக்’ என மாறும். காலை ஆகாரம் உண்டார் என்பதற்கு அதே சொல்லை வினையாக்கினால் அது ‘பிரேக்பாஸ்டட்’ என்றே வரும். உள்ளே இருக்கும் ‘பிரேக்’ மாறுவதில்லை. இரண்டு சொற்களும் ஒட்டி ஒன்றாகிவிட்டன என்பதற்கும், பழைய பொருளை அவை இழந்துவிட்டன என்பதற்கும் இதுவே சான்று.

ஆங்கிலேயர் நாவிலும் இச்சொல் ‘பிரேக்’ எனத் தொடங்குவதில்லை. ‘பிரெக்பஸ்ட்’ என்பதற்கு நெருக்கமாகவே ஒலிக்கிறது. அதனால் அதற்குள் ஒரு நோன்பு இருப்பது அவர்களுக்கே நினைவில் எழுவதில்லை. எழுத்தைப் பார்த்து ‘பிரேக்பாஸ்ட்’ என உச்சரிக்கும் நாமோ, அறியாமலே அச்சொல்லின் பழைய உருவத்தைக் காத்து வருகிறோம். ஆனால் ‘பாஸ்ட்’ என்பதை ‘விரைவு’ என்று பொருள்கொண்டு, அவசர அவசரமாக உண்பதே பிரேக்பாஸ்ட் என விளக்கம் சொல்வோரும் எம்மிடையே உள்ளனர். அது பொருந்தாத விளக்கம்.

ஆங்கிலத்தில் சொல் வந்த வழி

பழைய ஆங்கிலத்தில் காலை உணவுக்கு ‘மோர்கன்மெட்டே’ என்ற பெயர் இருந்தது. ‘மோர்கன்’ என்பது காலை. ‘மெட்டே’ என்பது உணவு. அதாவது, நாம் இன்று கூறும் ‘காலை உணவு’ என்பதையே அவர்களும் கூறினர். 15 ஆம் நூற்றாண்டளவில் ‘பிரேக்பாஸ்ட்’ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இரவு முழுவதும் உண்ணாதிருந்த நிலையை முடித்து வைப்பது என்பது அதன் பொருள்.

இங்கே ‘பாஸ்ட்’ என்னும் சொல்லின் வேரைக் கவனிக்க வேண்டும். ஜேர்மானிய மொழிக் குடும்பத்தில் இதன் மூலப்பொருள் உறுதியாகப் பற்றி நிற்றல், காத்தல் என்பதாகும். உணவை விலக்குவதில் உறுதியாகப் பற்றி நிற்பவரே நோன்பாளி என்ற கருத்திலிருந்து நோன்புப் பொருள் வந்தது. விரைவைக் குறிக்கும் ‘பாஸ்ட்’டும் இதே வேரிலிருந்து கிளைத்ததே. உறுதியாக, விடாது ஓடுதல் என்பது காலப்போக்கில் வேகமாக ஓடுதல் என மாறியது.

ஐரோப்பாவின் பிற மொழிகளிலும் இதே கதைதான். இலத்தீன் மொழியில் நோன்பிருக்கும் நிலையைக் குறித்த சொல் ‘ஜெஜூனஸ்’. அதனுடன் நீக்கப் பொருள் தரும் முன்னொட்டு சேர்ந்து உருவான வடிவமே பிரெஞ்சு மொழியில் ‘தெஜூனே’ ஆனது. ஸ்பானிய மொழியில் காலை உணவைக் குறிக்கும் ‘தெஸாயூனோ’ என்ற சொல்லும் அவ்வாறே நோன்பு நீக்கம் எனப் பொருள்படுவது. வியப்பு என்னவெனில், ஆங்கிலத்தில் பிரதான உணவைக் குறிக்கும் ‘டின்னர்’ என்பதும் அதே இலத்தீன் மூலத்திலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்ததாகும். ஆக, காலையில் உண்ணும் பிரேக்பாஸ்டும் இரவில் உண்ணும் டின்னரும் சொற்பிறப்பின்படி ஒரே பொருளுடையவை. பிரான்ஸில் ‘தெஜூனே’ மதிய உணவுக்கு நகர்ந்துவிட்டதால், காலை உணவை அங்கே ‘சிறிய தெஜூனே’ என்று அழைக்க வேண்டியதாயிற்று. மருத்துவர்கள் சிறுகுடலின் நடுப்பகுதியை ‘ஜெஜூனம்’ என்பர். பண்டைய உடற்கூற்றாளர் அதனைப் பெரும்பாலும் வெறுமையாகவே கண்டதால் ‘நோன்பிருக்கும் குடல்’ என்ற பெயர் அதற்கு வந்தது.

எனவே மாலை உணவை பிரேக்பாஸ்ட் என எழுதிய தோப்பூர் மாணவர், ‘டின்னர்’ என எழுதியிருந்தால் வழக்கும் பிறப்பும் ஒருசேரப் பொருந்தியிருக்கும் என்பது சுவையான செய்தி.

ஆங்கிலம் எமது கரைக்கு வந்த கதையிலும் கொட்டியாரக் குடாவுக்கு ஓர் இடம் உண்டு. 1659 ஆம் ஆண்டு புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் பழுது பார்ப்பதற்காக இக்குடாவை வந்தடைந்தது. அதில் வந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர் 1660 இல் தமது தந்தையாருடனும் மாலுமிகளுடனும் கண்டி அரசனின் ஆட்களால் சிறைப்பிடிக்கப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் 1679 இல் தப்பிச் சென்ற அவர் எழுதிய இலங்கை வரலாற்று நூல் 1681 இல் இலண்டனில் வெளியாயிற்று. பிரித்தானியர் 1795 இல் திருகோணமலையைக் கைப்பற்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, ‘பிரேக்பாஸ்ட்’ என்ற சொல்லைத் தாய்மொழியில் வைத்திருந்தோர் இக்குடாவின் கரையில் கால் பதித்திருந்தனர்.

அரபும் பாரசீகமும்

மாணவரின் பக்கம் நின்று வாதாட வலுவான சாட்சி ஒன்று உண்டெனில் அது அரபு மொழியே ஆகும். நோன்பு திறத்தலை நாம் ‘இப்தார்’ என்கிறோம். அதே வேரிலிருந்து வந்த ‘புதூர்’ என்பது அரபு நாடுகளில் அன்றாடக் காலை உணவுக்குரிய சொல்லாகும். எகிப்து நாட்டிலே சாதாரண நாளின் காலை ஆகாரத்தையும் ரமழான் மாலையின் நோன்பு திறப்பையும் ஒரே சொல்லால் அழைப்பர். மத்திய கிழக்கு நாடுகளில் தொழில் புரிந்து திரும்பிய எம்மவர் இதனை நேரிலேயே கேட்டிருப்பர். ஆங்கிலத்தில் பிழையாகிப் போன மாணவரின் வழக்கு அரபில் முற்றிலும் சரியானதே.

இச்சொற்களின் வேர், பிளத்தல், திறந்து வெளிப்படுத்தல் என்ற பொருளைக் கொண்டது. அல்குர்ஆனின் 82 ஆவது அத்தியாயமாகிய ‘அல் இன்பிதார்’ வானம் பிளவுறுவதைக் குறிக்கும் பெயரை உடையது. 35 ஆவது அத்தியாயமாகிய ‘பாதிர்’, இல்லாமையிலிருந்து வெளிப்படுத்திப் படைப்பவன் என்ற பொருளைத் தருவது. நோன்புப் பெருநாளாகிய ‘ஈதுல் பித்ர்’, அப்பெருநாளுக்கு முன் வழங்கப்படும் ‘பித்ரா’ ஆகியனவும் அதே வேரின் கிளைகளே.

பாரசீகத்தில் இன்னொரு வகையான மாற்றத்தைக் காண்கிறோம். ‘நாஷ்டா’ என்னும் சொல் ஆதியில் காலை முதல் எதுவும் உண்ணாதிருப்பவரைக் குறித்தது. நாளடைவில் அந்தப் பசியைப் போக்கும் உணவே அப்பெயரைப் பெற்றுவிட்டது. உருது, ஹிந்தி ஆகியவற்றில் இன்று ‘நாஷ்டா’ என்றால் காலைச் சிற்றுண்டி. தமிழகத்து முஸ்லிம்கள் சிலரிடமும் இச்சொல் வழங்குகிறது. பசிக்கும் நிலையின் பெயர் பசி தீர்க்கும் பொருளின் பெயராக மாறியது மொழியின் விந்தைகளில் ஒன்று.

தமிழில் பிடித்தலும் திறத்தலும்

இனித் தமிழுக்கு வருவோம். ‘நோன்பு’ என்பது தூய தமிழ்ச் சொல். ‘நோல்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. பொறுத்தல், தாங்கிக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். திருவள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தில் ஒரே குறளில் இவ்வினையை இரு பொருளில் கையாள்கிறார். உண்ணாமல் நோற்பவர் பெரியவரே. ஆயினும் பிறர் கூறும் கடுஞ்சொல்லைப் பொறுப்பவருக்கு அடுத்த நிலையிலேயே அவர் வைக்கப்படுவார் என்பது அக்குறளின் கருத்து. நோன்பு நோற்பவர் நாவையும் அடக்க வேண்டும், தம்மைச் சண்டைக்கு இழுப்பவரிடம் தாம் நோன்பாளி எனக் கூறி விலக வேண்டும் என்ற நபிமொழியை அறிந்தவர்களுக்கு இக்குறளின் கருத்து அந்நியமாகத் தோன்றாது.

‘நோன்பு’ என்ற இப்பழந்தமிழ்ச் சொல்லை அன்றாட வழக்கில் இன்றளவும் உயிரோடு வைத்திருப்பவர்கள் தமிழ் பேசும் முஸ்லிம்களே என்பது குறிப்பிடத்தக்கது. ஆண்டாள் காலத்தில் பாவை நோன்பு என்றே வழங்கப்பட்டது. பின்னர் இந்துக்களிடையே ‘விரதம்’, ‘உபவாசம்’ என்னும் வடசொற்கள் மேலோங்கின. ‘விரதம்’ என்பது மேற்கொண்ட உறுதியையும், ‘உபவாசம்’ என்பது இறைவனுக்கு அருகில் வாழ்தலையும் குறிப்பன. முஸ்லிம்களோ ‘ஸவ்ம்’ என்னும் அரபுச் சொல்லைத் தம் சமய நூல்களில் வைத்துக்கொண்டு, பேச்சில் நோன்பு, தொழுகை, பெருநாள், பள்ளிவாசல் எனத் தமிழையே ஆண்டு வருகின்றனர்.

எமது நாட்டில் முஸ்லிம்கள் ‘நோன்பு பிடித்தல்’ என்பர். இந்துக்களும் ‘விரதம் பிடித்தல்’ என்பர். இரு சாராரும் ஒரே வினையையே பயன்படுத்துகின்றனர். ஆங்கிலத்தின் ‘பாஸ்ட்’ என்பதற்கும் உறுதியாகப் பற்றிப் பிடித்தல் என்பதே மூலப்பொருள் எனக் கண்டோம். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே உவமையைக் கண்டடைந்திருக்கின்றன.

ஆனால் பிடித்த நோன்பை முடிக்கும்போது மொழிகள் வழி பிரிகின்றன. ஆங்கிலேயர் அதனை முறிக்கின்றனர். தமிழ் பேசும் முஸ்லிம்கள் அதனைத் திறக்கின்றனர். தமிழில் நோன்பை ‘முறித்தல்’ என்றால் உரிய காலத்துக்கு முன் இடையில் கைவிடுதல் என்றே பொருள்படும், அது குறை. ‘திறத்தல்’ என்பதோ நிறைவு. எனவே ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து ‘நோன்பை முறித்தார்கள்’ என எழுதுவது பிழையான கருத்தைத் தந்துவிடும். செய்தி எழுதுவோர் இதில் கவனமாக இருத்தல் வேண்டும்.

‘நோன்பு திறப்பு’ என்பதா, ‘நோன்பு துறப்பு’ என்பதா சரி என்ற ஐயமும் அவ்வப்போது எழுவதுண்டு. பேச்சில் ‘கதவைத் திற’ என்பது ‘தொற’ என ஒலிப்பதை அறிவோம். அவ்வாறே ‘நோன்பு திறப்பு’ என்பதும் ‘தொறப்பு’ என ஒலிக்கும். அந்த ஒலியை எழுத்தில் கொண்டுவர முயன்றபோது ‘துறப்பு’ என்னும் வடிவம் நிலைபெற்றிருக்க வேண்டும். துறத்தல் என்பதற்குக் கைவிடுதல் என்ற வேறு பொருள் இருப்பதால், எழுத்தில் ‘திறப்பு’ என்பதே ஏற்புடையது. அரபு வேரின் பொருளோடும் அதுவே ஒத்துப்போகிறது.

பாறணையும் பலகாரமும்

இந்துக்களின் வழக்கில் விரதத்தை முடித்து உண்பதற்குத் தனிச்சொல்லே உண்டு. அது ‘பாரணை’. எமது நாட்டில் ‘பாறணை’ எனவும் எழுதுவர். மறுகரை எனப் பொருள்படும் ‘பாரம்’ என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. விரதத்தைத் தொடங்கியவர் அதனைக் கடந்து மறுகரை சேர்வதே பாரணை. ஏகாதசியன்று உபவாசம் இருப்போர் மறுநாள் துவாதசிக் காலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய் ஆகியவற்றுடன் பாரணை செய்வர். ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம் பிடிக்கும் முருகன் அடியார்கள் ஆறு நாட்கள் முடிந்து ஏழாம் நாள் காலையில் பாறணை செய்வர். அந்தக் காலையில் உண்ணப்படுவது சொல்லின் முழுப் பொருளிலும் ‘பிரேக்பாஸ்ட்’ ஆகும். காலையும் அதுவே, நோன்பு நிறைவும் அதுவே.

இவ்வாறே நோன்புப் பெருநாள் காலையும் அமைகிறது. ஒரு மாத காலம் பகலில் உண்ணாதிருந்தவர் முதன்முதலாகப் பகலில் உண்ணும் நாள் அது. பெருநாள் தொழுகைக்குப் புறப்படுமுன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒற்றைப்படையாகப் பேரீச்சம்பழங்களை உண்பது வழக்கமாக இருந்தது என ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அன்று நோன்பிருப்பது தடுக்கப்பட்டுள்ளது. மாணவர் தம் கட்டுரையில் இந்தப் பெருநாள் காலையைப் பற்றி எழுதி ‘பிரேக்பாஸ்ட்’ எனக் குறிப்பிட்டிருப்பாராயின் எந்த ஆசிரியராலும் அதில் பிழை காண இயலாது.

தோப்பூரைச் சூழவுள்ள பிரதேசத்தில் இந்த இரு சமயத்தவர் மாத்திரமன்றி ஏனையோரும் வாழ்கின்றனர். அண்மையில் உள்ள சேருவில விகாரையைப் போன்ற பௌத்த விகாரைகளில், பிக்குகள் நண்பகலுக்குப் பின் திட உணவு கொள்வதில்லை. மறுநாள் விடிந்தபின் பக்தர்கள் வழங்கும் காலைத் தானத்தைச் சிங்களத்தில் ‘ஹீல் தானய’ என்பர். கத்தோலிக்கர் முற்காலத்தில் நற்கருணை பெறுவதற்கு முதல் நள்ளிரவிலிருந்து உண்ணாதிருந்தனர். 1950 களிலும் 1964 இலும் செய்யப்பட்ட மாற்றங்களால் அது ஒரு மணித்தியாலமாகக் குறைந்தது. அக்காலத்தில் காலைப் பூசை முடிந்து வீடு திரும்பி உண்டதும் உண்மையான நோன்பு நீக்கமே. நான்கு சமயத்தவரும் தத்தம் வழியில் ஒரே அனுபவத்தை அறிந்திருக்கின்றனர்.

அன்றாடச் சொற்களிலும் இதன் தடம் உண்டு. ‘பலகாரம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இது ‘பலம்’, ‘ஆகாரம்’ ஆகிய வடசொற்கள் இணைந்து உருவானது. பலம் என்பது இங்கே பழம். விரத நாளில் சோறு தவிர்த்துப் பழம் மட்டும் உண்பதே ஆதியில் பலகாரம். பின்னர் சோறல்லாத எளிய உணவுகளுக்குப் பெயராகி, இன்று எண்ணெயிலும் சீனியிலும் தோய்ந்த பண்டங்களைக் குறிக்கிறது. நோன்பின் சொல் விருந்தின் சொல்லாயிற்று.

‘காலை ஆகாரம்’, ‘காலை உணவு’, ‘காலைப் போசனம்’ ஆகியவை எழுத்து வழக்கு. யாழ்ப்பாணத்தவர் ‘காலமைச் சாப்பாடு’ என்பர். தமிழகத்தில் ‘டிபன்’ என்னும் சொல் காலைச் சிற்றுண்டியைக் குறிக்கிறது. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் அதனை இலேசான மதிய உணவுக்கே பயன்படுத்தினர். கொட்டியாபுரத்து வயலுக்கும் கடலுக்கும் விடியுமுன் புறப்படும் உழைப்பாளிக்கோ எத்தனை பெயர்கள் இருந்தாலும் உணவு ஒன்றுதான்: பழஞ்சோறு, ரொட்டியும் சம்பலும், பிட்டு, கைக்கெட்டினால் எருமைத் தயிர்.

பசியாறுதல்

இச்சொற்களுள் ஒன்றைத் தனியே எடுத்துக் கூற விரும்புகிறோம். தமிழக முஸ்லிம்களிடையேயும், மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களிடையேயும் காலை உணவு உண்பதைப் ‘பசியாறுதல்’ என்று கூறும் வழக்கு உண்டு. ‘பசியாறியாயிற்றா?’ என்று கேட்டால் காலை ஆகாரம் ஆயிற்றா என்று பொருள். ‘பிரேக்பாஸ்ட்’ என்பதற்குத் தமிழில் மிக நெருங்கிய சொல் எதுவென எம்மைக் கேட்டால் இதனையே கூறுவோம். ஆங்கிலச் சொல் ஒரு நோன்பின் முடிவைக் கூறுகிறது. தமிழ்ச் சொல் ஒரு பசியின் தணிவைக் கூறுகிறது. முறித்தல் என்னும் வன்மை அதில் இல்லை. கொதித்த ஒன்று குளிர்ந்து அடங்குவதைப் போன்ற மென்மை இருக்கிறது.

வள்ளுவர் ஈகை அதிகாரத்தில் பசியை ‘ஆற்றுதல்’ என்பதைப் பசியைப் பொறுத்துக்கொள்ளுதல் என்ற பொருளில் கையாள்கிறார். தவம் செய்வோரின் வலிமை பசியைப் பொறுப்பது. ஆயினும் அந்தப் பசியைப் பிறரிடமிருந்து நீக்குவோரின் வலிமை அதனினும் மேலானது என்பது அவர் முடிவு. நோன்பைத் தாங்குபவரைவிடப் பிறரின் பசியைத் தீர்ப்பவர் உயர்ந்தவர் என்பதே இதன் சாரம்.

நோன்பு வேறு, பட்டினி வேறு

இங்கேதான் இச்சொல்லாராய்ச்சி வெறும் அகராதி விளையாட்டாக நின்றுவிடாமல் எமது வாழ்வைத் தொடுகிறது. ‘பிரேக்பாஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் காலை உணவு உண்ணாதவர் அனைவரையும் நோன்பாளியாகவே கருதுகிறது. தமிழ் அவ்வாறு கருதுவதில்லை. உணவு இருந்தும் இறைவனுக்காக விலக்கினால் அது நோன்பு. உணவு இல்லாமையால் உண்ணாதிருந்தால் அது பட்டினி. முன்னையதற்குத் திறக்கும் நேரம் உண்டு. பள்ளிவாசலின் பாங்கொலி அதனை அறிவிக்கும். கோயிலின் பாறணைப் பூசை அதனை அறிவிக்கும். பின்னையதற்கு அவ்வாறான நேரம் இல்லை. அதனைப் பிறர் கைதான் திறந்துவிட வேண்டும்.

பட்டினி என்றால் என்னவென்று எமது மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2004 ஆம் ஆண்டு சுனாமியை மூதூர்க் கரையும் கண்டது. 2006 ஆகஸ்டில் போர் மூண்டபோது மூதூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து கந்தளாய் முதலிய இடங்களில் தஞ்சமடைந்தோர் பிறர் சமைத்துத் தந்த உணவிலேயே நாட்களைக் கழித்தனர். 2022 இல் பொருளாதார நெருக்கடி முழு நாட்டையும் தாக்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. நாட்டில் சுமார் 63 இலட்சம் மக்கள் போதிய உணவின்றித் தவிப்பதாக அதே மாதம் ஐக்கிய நாடுகளின் உணவு நிறுவனங்கள் மதிப்பிட்டன. அத்தகைய காலங்களில் குடும்பத்தில் முதலில் கைவிடப்படுவது காலை ஆகாரமே. வெறுந்தேநீரைக் குடித்துவிட்டுப் பாடசாலைக்கு வரும் பிள்ளை காலைக்கூட்டத்தில் மயங்கி விழுவது ஆசிரியர்கள் அறியாத செய்தியல்ல.

இதற்கான பரிகாரமும் அறியப்பட்டதே. இலங்கையில் பாடசாலைப் போஷாக்கு உணவுத் திட்டம் 2024 மார்ச்சில் ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவரையும் உள்ளடக்கும் வகையில் விரிவுபடுத்தப்பட்டது. சுமார் 16 இலட்சம் பிள்ளைகள் அதன் இலக்காயினர். அண்டையில் தமிழ்நாடு பல தசாப்தங்களாக மதிய உணவை வழங்கி வந்தபின், 2022 செப்டெம்பர் 15 இல் மதுரையில் ‘முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம்’ ஆரம்பிக்கப்பட்டது. 1,545 அரசு தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 5 வரையான வகுப்புகளில் கற்கும் ஏறத்தாழ 1 இலட்சத்து 14 ஆயிரம் பிள்ளைகளோடு தொடங்கிய அது, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. 2024 இல் கிராமப்புறத்து அரசு உதவி பெறும் பள்ளிகளும், 2025 இல் நகர்ப்புறத்து அத்தகைய பள்ளிகளும் அதில் சேர்க்கப்பட்டன. மதிய உணவு இருக்கும்போது காலை உணவு எதற்கு என்ற கேள்விக்கு விடை எளியது. காலை எட்டு மணிக்குக் கணக்குப் பாடத்தில் அமரும் பிள்ளைக்கு நண்பகல் வெகு தொலைவில் இருக்கிறது.

அரசாங்கத்தின் கடமை இதுவெனில், அயலாரின் கடமையை மொழியே கூறிவிடுகிறது. காலை உணவாகிய ‘புதூர்’ எந்த வேரிலிருந்து வந்ததோ அதே வேரிலிருந்து வந்ததே ‘பித்ரா’. பெருநாள் தொழுகைக்கு முன்னர் குடும்பத்தில் ஒவ்வொருவருக்காகவும் ஒரு ஸாஉ அளவு, அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசியைத் தேவையுடையோருக்கு வழங்க வேண்டும். பெருநாளன்று எவரும் பசித்திருக்கலாகாது என்பது அதன் நோக்கம். நோன்பாளி ஒருவருக்கு நோன்பு திறக்க உணவளிப்பவருக்கு, அந்நோன்பாளியின் நற்கூலியில் எதுவும் குறையாமல் அதே அளவு நற்கூலி உண்டு என்பது நபிமொழி. திருப்பாவையின் தொடக்கத்தில் நெய்யும் பாலும் விலக்கப்படுகின்றன. முடிவை அண்மித்த 27 ஆவது பாசுரத்தில் எல்லோரும் ஒன்றுகூடி நெய் வழியும் பாற்சோறு உண்பது பேசப்படுகிறது. தனித்து நோற்கலாம், ஆனால் திறப்பது கூடியிருந்தே என்பது இரு மரபுகளும் ஒருமித்துக் கூறும் பாடம்.

எமது முடிவு

தோப்பூர் வாசகருக்கு எமது விடை இதுவாகும். மாணவர் ஆங்கிலத்தில் எழுதும்போது காலை உணவுக்கு மட்டும் ‘பிரேக்பாஸ்ட்’ என்பதை வைத்துக்கொள்ளட்டும். நோன்பு திறப்பை இரு சொற்களாகப் பிரித்து எழுதட்டும். அல்லது ‘இப்தார்’ என்றே எழுதட்டும். அச்சொல் இன்று ஆங்கில அகராதிகளிலும் இடம்பெற்றுள்ளது. தமிழில் எழுதும்போது ‘பிரேக்பாஸ்ட்’ என்ற இரவல் சொல் தேவையே இல்லை. காலை உணவு, காலை ஆகாரம், பசியாறுதல் எனப் பல சொற்கள் உள்ளன. நோன்பு ‘திறத்தல்’ என எழுதுக. ‘முறித்தல்’ என எழுதற்க.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் செய்தது கவனக்குறைவால் நேர்ந்த பிழையன்று. சொல்லின் வேரைத் தேடிச் சென்றதால் நேர்ந்தது. அவ்விடத்தில் இட்ட கோட்டுக்கு அருகே, காரணத்தையும் இரண்டு வரிகளில் எழுதிக் கொடுத்தால் அந்த மாணவர் ஒரு சொல்லை மட்டுமன்றி ஐந்து மொழிகளின் உறவையும் கற்றுக்கொள்வார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வகுப்பறையில் காலையில் எதுவும் உண்ணாமல் அமர்ந்திருக்கும் பிள்ளை யாரென்று ஆசிரியரும் பெற்றோரும் அயலவரும் அறிந்திருக்க வேண்டும். ரமழானில் நோன்பாளிக்குக் கஞ்சி ஊற்றும் கைகளும், பாறணை நாளில் அடியார்க்கு அன்னமிடும் கைகளும் எமது ஊர்களில் ஏராளம். அக்கைகள் ஆண்டின் ஏனைய காலைகளிலும் நீளுமாயின், எமது பிள்ளைகளில் எவருக்கும் பசியாறாத காலை என்று ஒன்று இருக்காது.